நன்றியுரையில் நின்றுபோன படம்

அத்தியாயம் 7

அறுபத்து மூன்று.

விழாப் படம் எத்தனை சதவீதம் தயார் என்று காட்டி நாகராஜின் கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு அந்த எண்ணைத் தொட்டது. ஒரு கணம் யோசித்தது. பிறகு, ஐந்தாவது முறையாக, 'எரர்' என்று ஒரு சிவப்புப் பெட்டியைத் துப்பிவிட்டு நின்றுவிட்டது.

"போச்சு" என்றான் நாகராஜ். தாராவி தொண்ணூறடி ரோட்டில், தோல்பை கடைக்கு மேலே, ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் அறைதான் அவன் ஸ்டூடியோ. "திரும்பவும் அதே எடம். நாப்பது நிமிஷம் ஓடுது, அறுவத்தி மூணுல வந்து படுத்துக்கிடுது."

ஆஷிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது. ஐந்து மணிக்கு மாட்டுங்காவில் சபா கமிட்டி கூடுகிறது. அதற்குள் இந்தப் படம் போய்ச் சேராவிட்டால் இசக்கிதுரை என்கிற மைக் செட் ஆளைப் போலீசில் ஒப்படைத்துவிடுவார்கள். புகார் மூன்று பக்கத்துக்கு டைப் அடித்துத் தயாராக இருந்தது. தேதி போடுவதுதான் பாக்கி.

விஷயம் இவ்வளவுதான். போன ஞாயிறு காலை, செம்பூரில் ஒரு மண்டபத்தில், மாட்டுங்கா நாதவிநோத ரசிக சபாவின் வைரவிழா. மூத்த வயலின் கலைஞர் விஜயலக்ஷ்மிக்குத் தங்கத் தோடா, அதாவது கைக்காப்பு, அணிவித்தார்கள். வாசிக்கிற கைக்குக் கனம் ஒத்துவராது என்று அந்த அம்மாள் அதைக் கழற்றி வெல்வெட் பெட்டிக்குள் வைத்துவிட்டார். விழா முடிந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, தோடா இல்லை. உடனே சபாத் தலைவர் மகாதேவன் மைக்கைப் பிடித்தார். (அவர் மைக்கைப் பிடிக்காமல் விட்ட நாளை யாராவது குறித்து வைத்திருந்தால் சபா அதற்கும் ஒரு விழா எடுத்திருக்கும்.) "மேடையில் கடைசியாக நின்றது மைக் செட் ஆசாமி. திருடனை வெளியே விடாதீர்கள்" என்று நானூறு பேர் காதிலும் விழும்படி அறிவித்தார். இசக்கிதுரையின் மைக்கிலேயே.

சோதனை போட்டதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவனுடைய மைக் செட்டைச் சபா பிடித்து வைத்துக்கொண்டது. இன்று சனிக்கிழமை. ஆறு நாளாக வேலை இல்லை. அதைவிட, ஆறு நாளாகத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவன் மனைவி இசக்கிசெல்விதான் நேற்று வந்து அழுதாள்.

அழுத இடம் சாருலதாவின் அலுவலகம். பத்தொன்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். ஆஷிக் அவருடைய உதவியாளன். தாராவியில் பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷமாக வாயை மூடாததால், கீழ்வீட்டு டாக்டர் அவனை ஒருநாள் இலவசமாகப் பரிசோதிக்க ஆசைப்பட்டார்.

"என்னென்ன செஞ்சு பார்த்தேள்?" என்று நாகராஜைக் கேட்டார் சாருலதா, அவன் திரை முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

நாகராஜ் விரலை மடக்கினான். "மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். பழைய டெம்பரரி ஃபைலெல்லாம் அழிச்சேன். வேற டிஸ்க்ல சேவ் பண்ணேன். வேற ஃபார்மட்ல அடிச்சேன். சூட்டுல நிக்குதோன்னு மூடியக் கழத்தி ஃபேன் வச்சேன்."

டேபிள் ஃபேன் ஒன்று கம்ப்யூட்டரின் திறந்த வயிற்றைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மனிதர்கள் மூவரும் வியர்வையில் நனைந்திருந்தார்கள்.

"மிஷினுக்கு ஃபேன், நமக்குப் பாவம் ஒரு விசிறி கூட இல்ல" என்றான் ஆஷிக். "அடுத்த ஜென்மத்துல ஹார்ட் டிஸ்க்கா பொறக்கணும் மேடம்."

"சூடு இல்லை" என்றார் சாருலதா, திரையிலிருந்து கண் எடுக்காமல். "சூடா இருந்தா ஒரு தடவை நாப்பதுல நிக்கும், ஒரு தடவை எண்பதுல நிக்கும். களைச்சுப்போனவன் கண்ட இடத்துல உட்காருவான். இது அஞ்சு தடவையும் ஒரே இடத்துல நிக்கறது. அந்த இடத்துல எதையோ பார்த்துப் பயப்படறது."

போன் அடித்தது. மகாதேவன். சாருலதா ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸஸ் சாருலதா, ஆச்சா?" குரலில் பன்னீர் தெளித்திருந்தது. "நான் நியாயஸ்தன். காமிராவே தீர்ப்பு சொல்லட்டும்னு நான்தானே டயம் கொடுத்தேன்? ஆனா ஒண்ணு. முப்பத்தாறு வருஷம் ரெக்கார்ட்ஸ் பிரிவைக் கட்டி ஆண்டவன் நான். என் பீரோவுல ஒரு ஃபைல் வரிசை நம்பர் தப்பினது கிடையாது. ஆறு நாளா ஒரு படத்தை எடுத்துத்தர முடியலைன்னா என்ன அர்த்தம்? எடிட் பண்றவனும் தாராவி, நகையை எடுத்தவனும் தாராவி. சேர்ந்து அழிச்சுட்டான்னு கமிட்டி நினைச்சா நான் என்ன பண்றது, சொல்லுங்கோ?"

"அஞ்சு மணிக்கு வரோம் சார்" என்று சாருலதா போனை வைத்தார்.

நாகராஜின் முகம் வெளுத்திருந்தது. "பாத்தியளா? என்னையும் சேத்துக் கோர்த்துவிடுதாரு. புதன்கிழமை இங்கதான் வந்து உக்காந்தாரு. அவரு பேச்சை மூணு தடவை போட்டுப் பாத்தாரு. 'கைதட்டல் சத்தம் கம்மியா இருக்கு, கூட்டு'ன்னாரு. கூட்டினேன். வெந்நீர் வேணும், வெளித்தண்ணி ஒத்துக்காதுன்னாரு. டீக்கடையில கொதிக்க வச்சு வாங்கிட்டு வரக் கால் மணி நேரம் ஆச்சு. அந்த மனுசன் இப்படிப் பேசுதாரு!"

சாருலதா திரைப் பக்கம் திரும்பினார். அவருடைய இடது புருவம் அரை அங்குலம் ஏறியதை ஆஷிக் கவனித்தான். அந்தப் புருவம் ஏறினால் ஏதோ ஒரு பெரிய மனிதர் இறங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"முழுப்படத்தையும் ஓட்டாதேங்கோ. பாதியா வெட்டி, முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி வெளியே எடுங்கோ."

முதல் பாதி சத்தமில்லாமல் முடிந்தது. மூன்று பத்து. இரண்டாம் பாதியைப் பாதியாக்கினார்கள். அதன் முன்பாதி முட்டிக்கொண்டு நின்றது. அதையும் பாதியாக்கினார்கள். கீழே தோல்பை கடையில் யாரோ இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை தீருவதற்குள் இங்கே மூன்று துண்டு பிழைத்து ஒரு துண்டு செத்தது. மூன்றரை. பத்து நிமிஷம் ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. மூன்று ஐம்பதுக்குக் குற்றவாளி அகப்பட்டான்: வெறும் இருபது விநாடித் துண்டு.

நாகராஜ் அதை ஓட்டிக் காட்டினான். சபாச் செயலாளர் சந்திரமௌலி மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார்: "...இமயம் போன்ற எங்கள் தலைவருக்கு..." பக்கத்தில் மகாதேவன் கைகூப்பி, கண்ணை மூடி, இமயம் மாதிரியே நிற்கிறார்.

"நன்றியுரை" என்றான் ஆஷிக். "மிஷினுக்கே தாங்கலியா? அட, எனக்கு இப்ப இந்தக் கம்ப்யூட்டர் மேல மரியாதை வருது."

நாகராஜ் துள்ளி எழுந்தான். "அவ்வளவுதானா! இந்தத் துண்டை வெட்டி எறிஞ்சா மீதிப் படம் வழுக்கிட்டுப் போயிரும் மேடம். நாலே முக்காலுக்குள்ள ரெடி. யாரு தேடப் போறா நன்றியுரையை?"

சுட்டி கத்திரிக்கோல் குறிமேல் போய்விட்டது. விரல் அழுத்த வேண்டியதுதான்.

"கையை எடுங்கோ!"

சாருலதா இப்படிக் கத்தி ஆஷிக் கேட்டதில்லை. நாகராஜ் சுட்டியைச் சூடு பட்டது போல விட்டான்.

"படம் வேணுமா, இசக்கிதுரை வேணுமா? இதை வெட்டிட்டா படம் வந்துடும். அவன் உள்ளே போயிடுவான்." குரல் இறங்கியது. "இங்கே திரையில நன்னா ஓடறது. எக்ஸ்போர்ட் பண்ணா மட்டும் நிக்கறது. ஏன்?"

"இங்க ஓடுறது ஒரிஜினல் இல்ல மேடம். ப்ராக்ஸி. காமிரா ஃபைல் ஒவ்வொண்ணும் ஆனை கனம், இந்தப் பழைய மிஷின் தூக்காது. அதனால எல்லாத்துக்கும் சின்னதா ஒரு நகல் போட்டு வேற டிஸ்க்ல வச்சுக்கிட்டு, அத வச்சுத்தான் வெட்டி ஒட்டுவேன். கடைசியா எக்ஸ்போர்ட் அடிக்கும்போது மட்டும் மிஷின் அதே பேருள்ள ஒரிஜினலைத் தேடிப் போகும்."

"இந்த நன்றியுரையோட ஒரிஜினல் எது?"

"சைடு காமிரா. ஃபைல் நம்பர் நாப்பத்தி ஏழு."

"திறங்கோ."

நாகராஜ் காமிரா ஃபைல்கள் இருந்த பெட்டியைத் திறந்தான். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. வரிசை துளி பிசகவில்லை. நாற்பத்தேழைத் தட்டினான்.

சந்திரமௌலி வரவில்லை. விஜயலக்ஷ்மி அம்மாள் வந்தார். கையில் தோடா மின்ன, மைக் முன்னால் கூச்சத்தோடு நின்றார். "எனக்குப் பேச வராது. இந்தத் தங்கத்தை நான் வச்சுக்கப் போறதில்லை. உருக்கி, எங்க ஊர் பகவதிக்கு ஒரு பொட்டு பண்ணிப் போடப் போறேன். நமஸ்காரம்." நாற்பது விநாடி. முடிந்தது.

"இது நாப்பத்தி ஆறுல்லா?" என்று நாகராஜ் நாற்பத்தாறையும் தட்டினான். அதே அம்மாள், அதே பேச்சு, அதே நமஸ்காரம்.

நாகராஜ் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தான்.

"அப்போ நன்றியுரை எங்க?" என்றான் ஆஷிக்.

"அழிச்சாச்சு. அழிச்ச இடத்துல பக்கத்து ஃபைலை நகல் எடுத்து, நாற்பத்தேழுன்னு பேர் வெச்சாச்சு." சாருலதா நாற்காலியில் சாய்ந்தார். "மிஷின் பாவம், 'நாற்பத்தேழோட ஏழாவது நிமிஷத்தைக் கொண்டா'ன்னு போறது. அங்கே மொத்தமே நாற்பது விநாடிதான். முட்டிண்டு நிக்கறது. நாகராஜ், ஃபைல் வெறுமனே காணோம்னா என்ன பண்ணியிருப்பேள்?"

"காணோம்னு மிஷினே ஆரம்பத்துல சொல்லும். காப்பி பண்ணும்போது விட்டுப்போச்சுன்னு நெனச்சு, அந்த எடத்துல வேற ஷாட்டைப் போட்டிருப்பேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அதான். திருடன் சும்மா அழிச்சுட்டுப் போயிருந்தா தப்பிச்சிருப்பான். ஆனா நாற்பத்தாறுக்கு அப்புறம் நாற்பத்தெட்டு வந்தா அவனுக்குக் கை நடுங்கும். வரிசை நம்பர் தப்பக் கூடாது. வாழ்க்கை பூரா அப்படியே பழகின கை." புருவம் இன்னும் அரை அங்குலம் ஏறியது. "அந்த ஃபைல் எப்போ பிறந்ததுன்னு பாருங்கோ."

நாகராஜ் பார்த்தான். புதன்கிழமை, காலை பதினொன்று முப்பத்தைந்து. வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

"யா அல்லா" என்றான் ஆஷிக். பிறகு மெதுவாக, "ஆனா மேடம், இது போதாது. அந்த ஆளு 'நான் தொடவே இல்ல, நாகராஜ்தான் செஞ்சான்'னு ஒரு மணி நேரம் பேசுவாரு. கமிட்டி கைதட்டும். அழிச்சதுல என்ன இருந்துச்சுன்னு காட்டணுமே? ஒரிஜினல்தான் போச்சே."

"ஒரிஜினல் போச்சு. ரெக்கார்ட்ஸ் ஆபீசருக்கு நகல்னா என்னன்னு தெரியும். ப்ராக்ஸின்னா என்னன்னு தெரியாது." சாருலதா நாகராஜ் பக்கம் திரும்பினார். "நாற்பத்தேழோட சின்ன நகல் முழுசா இருக்கா?"

"இருக்கும். ஒம்பது நிமிசம். நான் அதுல இருவது விநாடிதான் எடுத்தேன். முழுசா பாக்கல." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டான். "நன்றியுரையை யாரு மேடம் முழுசா பாப்பா? அன்னைக்கு மண்டபத்துலயே யாரும் பாக்கல. 'நன்றி நவில'ன்னு ஆரம்பிச்சதுமே மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடிட்டு. பாலடைப் பிரதமன் பாயாசம் வேற. மெயின் காமிராக்காரனும் பந்தியை எடுக்கப் போயிட்டான், படத்துல மீதி பூரா அதான். சைடு காமிரா மட்டும் ஸ்டாண்டுல அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு."

நான்கு ஐந்து. மூவரும் உட்கார்ந்து, மனித வரலாற்றில் முதல்முறையாக, ஒரு நன்றியுரையை ஆரம்பத்திலிருந்து பார்த்தார்கள்.

முதல் நிமிஷம் மண்டபச் சொந்தக்காரருக்கு நன்றி. இரண்டாவது நிமிஷம் பூ அலங்காரத்துக்கு. மூன்றாவது நிமிஷம் விக்ரோலியிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ரயில் மாறி வந்தவர்களுக்கு. "ஞாயித்துக்கிழமை ரயிலை நிறுத்துற மெகா பிளாக்குக்கும் சொல்லிட்டா முடிஞ்சுரும்" என்று ஆஷிக் முணுமுணுத்தான். நான்காவது நிமிஷம் சமையல்காரர்களுக்கு.

ஐந்தாவது நிமிஷத்தில் ஆஷிக்கின் வாய் மூடிக்கொண்டது. நான்கு வருஷத்தில் முதல் தடவை.

"பென்டிரைவ்ல போடுங்கோ" என்றார் சாருலதா. "எக்ஸ்போர்ட் வேண்டாம். காப்பி போதும்."

ஸயான் பக்கம் டிராஃபிக் நெரித்தது. டாக்ஸி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது ஆஷிக் பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் கையால் பொத்திக்கொண்டான். நான்கு ஐம்பத்தெட்டுக்குச் சபா மாடிப்படி ஏறினார்கள்.

கமிட்டி அறையில் மறைந்த தலைவர்கள் சுவரிலும், மறையாதவர் நடு நாற்காலியிலும் இருந்தார்கள். மகாதேவன் முன்னால் புகார்க் காகிதம். அதன்மேல் பேனா, மூடி கழற்றியபடி. ஒரு பக்கம் செயலாளர் சந்திரமௌலி. மறுபக்கம் விஜயலக்ஷ்மி அம்மாள், தன்னால்தான் எல்லாம் என்பது போலக் குனிந்த தலையோடு. மூலையில், பிடித்து வைத்த மைக் செட்டுக்குப் பக்கத்தில், இசக்கிதுரை. அவன் கையை இசக்கிசெல்வி பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த விதத்தைப் பார்த்தால் போலீஸ் வந்தாலும் விடமாட்டாள் போலிருந்தது.

"படம் வந்துதா?" என்றார் மகாதேவன்.

"படம் வரலை சார். அறுபத்து மூணுல நின்னுடுத்து."

"நான் சொன்னேனோ இல்லையோ!" பேனாவை எடுத்தார். தேதி போடக் கை தாழ்ந்தது. இசக்கிசெல்வி "யக்கா..." என்று எழுந்தாள்.

"ஆனா நின்ன இடத்தைக் கொண்டு வந்திருக்கேன்" என்றார் சாருலதா. ஆஷிக் ஏற்கெனவே டி.வி.க்குப் பின்னால் பென்டிரைவைச் சொருகிக்கொண்டிருந்தான்.

திரையில் சந்திரமௌலி தோன்றினார். அறையில் இருந்த சந்திரமௌலி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் நன்றியுரை! முழுசா இருக்கா?"

"ஒம்போது நிமிசமும் இருக்கு சார்" என்றான் ஆஷிக். "நாங்க மூணு பேர் கண்ணால பார்த்தோம். உயிரோடதான் இருக்கோம்."

மகாதேவனின் பேனா காகிதத்தில் ஒரே புள்ளியில் நின்றிருந்தது. அந்தப் புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

ஆஷிக் ஐந்தாவது நிமிஷத்துக்குத் தள்ளினான். முன்னால் சந்திரமௌலி சாம்பாரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் மேஜை, வெல்வெட் பெட்டி, பக்கத்தில் விழாவில் போர்த்திக் குவிந்த பொன்னாடைகள். சட்டகத்துக்குள் மகாதேவன் வருகிறார். காலியான மண்டபத்தை இடமும் வலமும் பார்க்கிறார். பெட்டியைத் திறக்கிறார். தோடாவை எடுத்து ஒரு பச்சைப் பொன்னாடையில் வைத்துச் சுருட்டுகிறார். அதன்மேல் இன்னும் மூன்று பொன்னாடை. மூட்டையைத் தன் மனைவியின் கையில் கொடுத்து, காருக்கு அனுப்பிவிட்டு, மைக் பக்கத்தில் வந்து கைகூப்பி, கண்ணை மூடுகிறார். "இமயம் போன்ற எங்கள் தலைவருக்கு" என்கிறார் சந்திரமௌலி.

ஆஷிக் படத்தை நிறுத்தினான். மகாதேவன்தான் முதலில் தொண்டையைச் சரிசெய்தார்.

"அது... பத்திரத்துக்காக எடுத்து வெச்சேன். தலைவர்ங்கற பொறுப்புல. சொல்ல மறந்துடுத்து."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் சாருலதா. "அப்போ ஆத்துலேர்ந்து கொண்டு வரச் சொல்லுங்கோ. மாமி உருக்கணும்னு சொன்னாளே. கீழேயே ஆசாரி இருக்கார். இப்பவே உருக்கிடலாம்."

"உருக்க வேண்டாம்!"

சொன்ன வேகத்தில் அவரே பயந்துபோனார். விஜயலக்ஷ்மி அம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"ஏன் வேண்டாம்?"

மகாதேவன் பேனா மூடியைத் தேடினார். சாருலதாதான் சொன்னார். "அதான் மாமி கேள்வி. உங்க நாற்பது விநாடிப் பேச்சுக்கு அப்புறம்தான் அது காணாமப் போச்சு. தோடாவா கையில இருக்கறவரைக்கும் அது தங்கம். உருக்கினா?"

"செம்பு" என்றார் மகாதேவன். குரலில் பன்னீர் வற்றிவிட்டது. "மேலே முலாம். நான் தலைவரான வருஷத்துலேர்ந்து அப்படித்தான். இத்தனை பெரிய சபா, தங்கத்துல போட வக்கில்லைன்னு மேடையில நின்னு எப்படிச் சொல்றது? சபாவோட கௌரவம்..."

"பதினோரு வருஷமா?" சந்திரமௌலி எழுந்துவிட்டார். "பதினோரு நன்றியுரையில நான் 'பசும்பொன் தோடா'ன்னு படிச்சிருக்கேனே!"

"எனக்குச் செம்பு போதும்" என்றார் விஜயலக்ஷ்மி அம்மாள் அமைதியாக. "சொல்லியிருந்தா செம்பையே சந்தோஷமா வாங்கிண்டிருப்பேன். இந்தப் பிள்ளையைத் திருடன்னு சொன்னேளே, அதுக்கு என்ன முலாம் பூசப் போறேள்?"

மகாதேவன் புகாரை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். "தவறு நடந்துடுத்து. வருத்தத்தை மினிட்ஸ்ல பதிவு பண்ணிடலாம். தீர்மானமா..."

"மினிட்ஸ் வேண்டாம் சார்."

இசக்கிதுரை பேசியதை அந்த அறை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது. அவன் மனைவியின் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான். மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயரை இழுத்து, மேலே படிந்திருந்த ஆறு நாள் தூசியைச் சட்டை ஓரத்தால் துடைத்து, பிளக்கைச் சொருகினான். ஸ்பீக்கரைத் தூக்கி ஜன்னல் கட்டையில் தெருவைப் பார்த்து வைத்தான். கீழே சனிக்கிழமைச் சாயங்கால மாட்டுங்கா: பூக்கடை, வாழைக்காய் வறுவல், கோயிலுக்குப் போகிற கூட்டம், அதில் பாதி சபா மெம்பர்கள்.

"மைக்குலதான சொன்னீய?" என்றான். "மைக்குலயே சொல்லுங்க."

ஸ்டாண்டை மகாதேவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு தட்டுத் தட்டினான். தெரு முழுக்க இடித்தது. கீழே சில தலைகள் அண்ணாந்தன.

மகாதேவன் மைக்கைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்திலும் பதினோரு வருஷத் தலைமையிலும் அவரிடம் இல்லாத ஒன்று அப்போது அவரிடம் இருந்தது: மௌனம். ஸ்பீக்கர் அதையும் 'உம்ம்' என்று தெருவுக்கு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் உதடு அசைந்தது. ஏதோ காற்று வந்தது.

இசக்கிதுரை திருகாணியைத் தளர்த்தி, ஒவ்வொரு விழாவிலும் செய்வது போலவே, மைக்கை அவர் வாய் உயரத்துக்குப் பதமாக இறக்கி, மறுபடி இறுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பேசுங்க சார்" என்றான். "பின்னாடி நிக்கவங்களுக்குக் கேக்கல."